ஆங்கிலம் அறிவோம்: 'மூவ்'



இம்மாதம் நாம் காணும் வினைச்சொல் 'மூவ்'. நகர்தல், இடம் பெயர்தல் என்பன இதன் முதற்பொருள்கள். பிறரை இடம் பெயர்ப்பதற்கும், மனத்தை உருக்குவதற்கும், வழக்குடன் நீதிமன்றத்தை நாடுவதற்கும் இச்சொல்லே வழங்குகிறது.

தமிழிலோ பெயர்தல் வேறு, பெயர்த்தல் வேறு. பிழைப்பு நாடி மும்பைக்கு வந்த நம் முன்னோர் தாமே பெயர்ந்தனர். மான்கூர்டு ஜனதா காலனியில் வாழ்ந்த ஏறத்தாழ 70,000 மக்களோ, 1976-ஆம் ஆண்டு, நெருக்கடிநிலைக் காலத்தில், டிராம்பே சீத்தா கேம்ப்பிற்குப் பெயர்க்கப்பட்டனர். பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்கு அந்நிலம் தேவைப்பட்டது. அம்மக்களுக்காகப் போராடியவர் கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஜோக்கின் அற்புதம். 2000-ஆம் ஆண்டு மகசேசே விருது பெற்ற அவர், 2018-இல் காலமானார்.

இதனோடு நெருங்கிய சொற்கள்:

ஷிஃப்ட் – வீடு மாறுதல்.
வெக்கேட் – காலி செய்தல்.
எவிக்ட் – சட்டத்தின் வழியாக வெளியேற்றுதல்.
ரீசெட்டில் – வேறிடத்தில் மீண்டும் குடியமர்த்துதல்.

இவற்றுள் கடைசிச் சொல்லில் மட்டுமே மாற்றிடம் என்னும் பொருள் அடங்கியுள்ளது. ஆகவே உங்கள் வீட்டிற்கு நோட்டீஸ் வந்தால், அதிலுள்ள வினைச்சொல்லை முதலில் தேடுங்கள். 'வெக்கேட்' என்று மட்டும் இருப்பின், மாற்றிடம் எங்கே, எப்போது என்பதை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். அதன் பின்னரே கையொப்பமிடுவதைப் பற்றி யோசியுங்கள். ஆங்கிலம் அறிந்த பிள்ளைகள் பெற்றோருக்கு அதை வாசித்து விளக்குவார்களாக.

அடுத்த மாதம்: 'செட்டில்'.