முதுகு வலிக்கு இன்சூரன்ஸ்: "படுத்தால்" பணம், நடந்து போனால் பட்டை நாமம்!

சென்னை–

நாள் முழுக்க நாற்காலியில் குமாஸ்தா, கல்லாவில் கடைக்காரர், குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்கூட்டர்காரர். இவர்கள் எல்லோரையும் சேர்த்து வைக்கும் ஒரே நோய், முதுகு வலி!

இதில் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் தேவைப்படாது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டியில், நாள்பட்ட இடுப்பு வலிக்கு உடற்பயிற்சியைச் சிபாரிசு செய்தது. பெல்ட், டிராக்ஷன் ஆகியவற்றை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றும் சொன்னது.

ஆனால் இந்தப் பயிற்சிக்கான செலவை யார் கொடுப்பது?

கணக்கு

பிசியோதெரபிக்கு ஒரு தடவை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாரம் 3 தடவை, 6 வாரம் போனால் 9 ஆயிரம் ரூபாய். டாக்டர் பீஸ், ஸ்கேன், மாத்திரை எல்லாம் தனி.

"வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோமே, அது எதுக்கு?" என்று கேட்கலாம். சாதாரண பாலிசியில், ஆஸ்பத்திரியில் குறைந்தது 24 மணி நேரம் தங்கினால்தான் பணம். சில "டே கேர்" சிகிச்சைகளுக்கு மட்டும் இந்த நிபந்தனை இல்லை. காலையில் பயிற்சியை முடித்துவிட்டு ஆபீசுக்கு ஓடுகிறவருக்கு நயா பைசா கிடையாது!

9 ஆயிரத்துக்குக் கையை விரிக்கும் அதே பாலிசி, முதுகில் கத்தி வைத்தால் லட்சக்கணக்கில் கொடுக்கும். வேடிக்கைதான்!

ஆபத்து

"அப்படின்னா ஒரு நாள் அட்மிட் ஆயிட்டா போச்சு" என்று சிலர் நினைக்கிறார்கள். அது ஆபத்தான யோசனை. பரிசோதனைக்காகவோ வெறும் ஓய்வுக்காகவோ படுத்தால் பணம் இல்லை என்று பாலிசியிலேயே அச்சடித்திருக்கிறது. ஆஸ்பத்திரி பில்லும் தலையில் விழும்.

இன்னொன்று: முதுகெலும்பு வட்டு விலகல் போன்ற நோய்களுக்கு முதல் 2 வருஷம் பணம் இல்லை என்று பல பாலிசிகளில் உண்டு. விபத்தினால் வந்தது என்றால் இந்தத் தடை கிடையாது.

வழி என்ன?

இ.எஸ்.ஐ. கார்டு உள்ளவர்கள் படுக்கையில் சேராமலே சிகிச்சை பெறலாம். மற்றவர்களுக்கு அரசு ஆஸ்பத்திரிகளில் பிசியோதெரபி பிரிவுகள் இருக்கின்றன. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையமும் இருக்கிறது.

வெளிநோயாளி செலவுக்கும் பணம் தரும் பாலிசிகள் வந்திருக்கின்றன. கூடுதலாகக் கட்டும் பிரீமியம் எவ்வளவு, திரும்பக் கிடைப்பது எவ்வளவு என்று கூட்டிக் கழித்துப் பார்த்து வாங்குவது நல்லது.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து சிகிச்சை பெற்றவர்கள், வீடு திரும்பிய பிறகு ஆகும் பிசியோதெரபி பில்லைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது. பல பாலிசிகளில் 60 நாள் வரை அதற்கும் பணம் உண்டு. டாக்டர் சீட்டு அவசியம்.

நியாயமான கிளைமை மறுத்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

பாலிசியில் "எதற்கெல்லாம் கிடைக்கும்" என்ற பக்கத்தை ஏஜெண்டே படித்துக் காட்டுவார். "எதற்கெல்லாம் கிடைக்காது" என்ற பக்கத்தை, கையெழுத்துப் போடுகிறவர்தான் படிக்க வேண்டும்!