நீலாம்பரி மாத்திரை

கூனிமேடு டீக்கடை. பாண்டிச்சேரி பஸ் வருகிற வழியாய்க் காணோம். ஆபீஸ் நண்பர் செல்போனில் ரேடியோவை வைத்தார். நாகஸ்வரம். ‘‘டென்ஷனுக்கு நல்லது சார்!’’ என்றார், ஏதோ தலைவலி மாத்திரை சிபாரிசு செய்கிற மாதிரி.

1992-ல் ஆரம்பித்த பிரிட்டனின் கிளாசிக் எஃப்.எம். இந்த மாத்திரை வியாபாரத்தில் கில்லாடி. பீத்தோவனுக்கே ‘ரிலாக்ஸ்’ லேபிள்! இங்கே வேர்ல்ட்ஸ்பேஸ் ரேடியோ, கர்னாடக சங்கீதத்துக்கென்றே ‘ஸ்ருதி’ என்று ஒரு சேனல் நடத்தி, 2009 கடைசியில் கடையைக் கட்டியது. அதுவரை சந்தா கட்டிக் கேட்டார்களே நம் ஆட்கள், தூங்கவா?

கோயிலில் பள்ளியறைக்கு நீலாம்பரி வாசிப்பது வாஸ்தவம். ஆனால், விடியற்காலை பூபாளம் எழுப்பத்தானே? தனி ஆவர்த்தனத்தில் தொடையைத் தட்டித் தாளம் போடும் மாமா, ஓர் எண்ணிக்கை தப்பினால் படுகிற பாடு இருக்கிறதே... அவரிடம் போய் ‘ரிலாக்ஸ்’ என்று சொல்லிப் பாருங்கள்!

எதிர் பெஞ்சில் ஒரு பெரியவர். இருட்டோடு உப்பளத்துக்குப் போய்விட்டுத் திரும்பியவர். கணுக்கால் வரை வெள்ளையாய் உப்பு. ‘‘தம்பி, சத்தத்தக் கொஞ்சம் கூட்டி வையி’’ என்றார். வாசிப்பு முடிகிறவரை டீயைத் தொடவில்லை. ஆறி, ஆடை கட்டிவிட்டது.

பஸ் வந்தது. நண்பரைத் தட்டி எழுப்பினேன்.