பெயரைக் கேட்டு வையுங்கள்

விடுமுறை வந்தால் பிள்ளைகளைப் பொருட்காட்சிக்கும் கடற்கரைக்கும் அழைத்துச் செல்கிறோம். நம் மண்ணின் செடி கொடிகளைக் காட்டுவதற்கென்று ஒரு நாளேனும் அழைத்துச் சென்றதுண்டா?

கடந்த ஐப்பசியில் எங்கள் குடும்பத்தார் 9 பேர், திண்டுக்கல்லை அடுத்த சிறுமலையின் அடிவாரத்துப் பாதைகளில் காலை முதல் மாலை வரை நடந்தோம். 78 வயதான எங்கள் உம்மம்மாவும் உடன் வந்தார்கள். இம்மண்ணுக்கே உரிய செடிகளில் இருபதைக் கண்டறிய வேண்டும் என்பது பிள்ளைகளுக்கு வைத்த போட்டி.

முதல் அரைமணி நேரத்திலேயே எங்கள் அறியாமை வெளிப்பட்டது. மூத்தவன் உண்ணிச்செடியைக் காட்டினான். அது அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து தோட்டத்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டுப் பின்னர் காடுகளில் பரவியது. இளையவள் தொட்டாற்சிணுங்கியைக் காட்டினாள். அதுவும் அமெரிக்கக் கண்டத்துச் செடியே. நானும் அதை நம்மூர்ச் செடி என்றே எண்ணியிருந்தேன்! சீமைக் கருவேலமோ தான் வந்த கதையைப் பெயரிலேயே சுமந்து நின்றது.

அதன்பின் உம்மம்மா முன்னே நடந்தார்கள். ஆவாரை, நொச்சி, பிரண்டை, வெப்பாலை என்று ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். ஆடு தொடாத இலை என்பதால் ஆடாதோடை என்று அவர்கள் விளக்கியபோது, ஒரு பெயருக்குள் ஒரு பாடமே அடங்கியிருப்பதைப் பிள்ளைகள் உணர்ந்தனர்.

நண்பகலில், மழையில் கரைந்த வரப்போரம் தீச்சுடர் போன்ற பூவொன்றைக் கண்டு 6 வயதுப் பேரன் ஓடினான். "செங்காந்தள்! நம் மாநில மலர்!" என்று மகிழ்ந்து கூவினான். பள்ளியில் வரைந்த பூ அல்லவா? மண் அரித்து வெளியே தெரிந்த கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்றெண்ணிக் கையிலும் எடுத்துவிட்டான்.

"போடு வாப்பா கீழே! அது கலப்பைக் கிழங்கு!" என்று உம்மம்மா அலறினார்கள்.

அக்கிழங்கில் கால்ச்சிசின் என்னும் கொடிய நஞ்சு உள்ளது. உண்டால் உயிருக்கே ஆபத்து. பிள்ளையின் கையைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னும் என் நடுக்கம் தீரவில்லை.

சகோதரிகளே, சிந்தித்துப் பாருங்கள். பூவின் பெருமையைப் புத்தகம் சொல்லிக்கொடுத்தது. கிழங்கின் ஆபத்தை அறிந்திருந்தவர் பள்ளிப்படி ஏறாத ஒரு மூதாட்டி. மாலையில் எண்ணிப் பார்த்தபோது 14 செடிகளே தேறின. அவற்றுள் 11 பெயர்கள் உம்மம்மா சொன்னவை. அவர்களுக்குப் பின் இவற்றை யார் சொல்வார்கள் என்ற கேள்வி வீடு திரும்பும் வரை என்னை வருத்தியது. அன்றிரவே ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, அவர்கள் சொல்லச் சொல்லப் பிள்ளைகளை எழுத வைத்தேன்.

நீங்களும் புறப்படுங்கள். காப்புக் காடுகளுக்குள் செல்வதாயின் வனத்துறையின் அனுமதியை முன்னரே பெறுங்கள். போதிய தண்ணீரும் காலை மூடும் செருப்பும் அவசியம். எதையும் பறிக்காதீர்கள், பெயர் அறியாத எதையும் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள்.

மலைக்குச் செல்ல வாய்ப்பில்லையா? கொல்லைப்புறத்திலிருந்தே தொடங்குங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவர் இருந்தால், இன்றே அருகில் அமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். செடி அடுத்த மழைக்கும் துளிர்க்கும்; சொல்பவர் அதுவரை இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.