அன்னதானம் கொடுத்தா முடிஞ்சதா?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

தீபாவளி வந்தா பார்வையற்றோர் இல்லத்துக்கு அரிசி, பலகாரம் கொண்டு போறது நம்ம கோயில்கள்ல வழக்கமாயிடுச்சு. நல்ல காரியம், நிறுத்த வேணாம். ஆனா சாமான் கொடுத்து, வரிசையா நின்னு படம் எடுத்துட்டு, அடுத்த வருஷம் வரைக்கும் அந்தப் பக்கமே போகலன்னா அதைக் கூட்டுறவுன்னு சொல்ல முடியாது. (அந்தப் படத்தையும் அவங்க பார்க்கப் போறதில்ல.)

அவங்களுக்கு அரிசியை விட முக்கியமா தேவைப்படுறது, நம்மள மாதிரி தனியா கோயிலுக்கு வந்து கும்பிட்டுட்டுப் போறது. அதுக்குப் பெரிய செலவே இல்ல. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனவங்களுக்குத் தெரியும், நடைபாதையில மேடு வச்ச மஞ்சள் கல் பதிச்சிருக்கும். கைத்தடியாலயும் காலாலயும் தடவி வழி கண்டுபிடிக்கிறதுக்கு அது. அந்த மாதிரி கல்லு மேலயே மோட்டார் நிக்கும், திருவிழா நேரத்துல கூடாரக் கம்பி நிக்கும். நமக்கு அஞ்சு நிமிஷம், அவங்களுக்கு ரோட்டுல இறங்கி நடக்கணும்.

அடுத்தது வாட்சப். பூஜை நேரம், உபயம், கூட்டம் எல்லாமே படமா வருது. பார்வையில்லாதவங்க கைப்பேசி எழுத்தை வாசிச்சுச் சொல்லும், ஆனா படத்துக்குள்ள இருக்கற எழுத்து பல நேரம் அதுக்குப் புரியாது. படத்துக்குக் கீழ நாலு வரி தட்டச்சு பண்ணுங்க, இல்ல குரல் பதிவு போடுங்க. தமிழுக்கு பிரெயில் இருக்கு, ஆனா வயசான பிறகு பார்வை போனவங்க பலபேரு அதைக் கத்துக்கிட்டது இல்ல. அவங்களுக்குக் குரல்தான்.

வாசல்ல யாராச்சும் வந்தா கையைப் பிடிச்சு இழுக்காதீங்க. "வாங்கண்ணே, நான் தொண்டர்"னு சொல்லி உங்க முழங்கையைக் கொடுங்க, அவங்க பிடிச்சுக்குவாங்க. படி வந்தா ஏறுதா இறங்குதான்னு முன்கூட்டியே சொல்லணும். செருப்பு வைக்கிற இடம், விபூதித் தட்டு எல்லாம் வாரா வாரம் இடம் மாறக் கூடாது. எங்கள்ல பலபேரு தொழிற்சாலையில ஆள் பழக்குறவங்க. சாமான் அதே இடத்துல இருந்தா கையே வேலையைக் கத்துக்கும், அதை நாங்க தினம் பார்க்கிறோம்.

இது யாரோ நாலு பேரோட பிரச்சினை இல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வுல நம்ம நாட்டுப் பெரியவங்கள்ல 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, இந்தியர்கள்ல அது இன்னும் அதிகம். சர்க்கரை கட்டுப்படலன்னா கண்ணோட உள்திரையில ரத்தக்குழாய் கெடும், வலி இருக்காது, தெரிய வரும்போது பாதி போயிருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணை உள்ளே படமெடுத்துப் பார்க்கணும். கோயில் மண்டபத்துல ரத்ததான முகாம் வைக்கிறோமே, கண் பரிசோதனை ஏன் வைக்கக் கூடாது?

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951லேர்ந்து இருக்கு, பினாங்கு செயிண்ட் நிக்கோலஸ் இல்லம் 1926லேர்ந்து. தடி பிடிச்சு நடக்கப் பழக்குறது, பிரெயில், தொழில் பயிற்சி எல்லாம் அவங்களுக்கு அத்துபடி. நாம போய்ப் பாடம் எடுக்க வேணாம், அவங்கள நம்ம தொண்டர்களுக்குச் சொல்லித்தரக் கூப்பிடணும்.

திருவிழாக் குழுவுல பார்வையற்ற ஒருத்தரை உறுப்பினரா சேர்க்கணும், அதுவும் கூடாரம் போடுறதுக்கு முந்தியே. இந்த வருஷ ஆண்டுக் கூட்டத்துல இதை எழுத்துல கொடுக்கப் போறோம். ஆதரிக்கிறவங்க அன்னைக்கு நேர்ல வந்து கை தூக்குங்க, இங்க லைக் போட்டா கணக்குல வராது.