சீசன் இரவெல்லாம் ஒரே பிள்ளையின் தலையிலா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஹட்டன் டவுனில் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்கள் பாதியில் கோபித்துக்கொண்டு போகாமல் கடைசி வரை வாசிக்க வேண்டும். நானும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைதான்.

என்னிடம் படித்த ஒரு பையனைப் போன மாதம் பஸ் ஸ்டாண்டில் கண்டேன். ஓ.எல். எழுதி மூன்று வருடம், இப்போது 19 வயது. காலை ஏழு மணி இருக்கும். தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான். தட்டி எழுப்பி என்னவென்று கேட்டேன்.

"சீசன்ல டீச்சர். நைட் எனக்குத்தான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"மத்தவங்கெல்லாம் வீட்டுக்குப் போகணும்ல டீச்சர். நான் கடைக்கு மேல ரூம்லதானே தங்குறேன்."

அவன் இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்று சொல்வது போலச் சொன்னான். அதுதான் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

சீசன் என்றால் நமக்குத் தெரியும். டிசம்பர் போயாவில் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாத மலைக்கு ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இரவு ரயிலில் இறங்கி நல்லதண்ணிக்குப் பஸ் ஏறும் வரைக்கும் பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல், டோர்ச், கம்பளித் தொப்பி என்று வாங்குவார்கள். அந்த ஐந்து மாத வியாபாரத்தில்தான் பல கடைகள் வருடத்தை ஓட்டுகின்றன. ஆகவே இரவில் கடையைத் திறக்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. திறந்த கடையில் யார் நிற்பது என்பதை எப்படித் தீர்மானிக்கிறோம் என்றுதான் கேட்கிறேன்.

உண்மையைச் சொன்னால் யாரும் தீர்மானிப்பதில்லை. டவுனில் வீடுள்ளவர்கள் எட்டு, எட்டரைக்குப் போய்விடுவார்கள். கடைசி பஸ்ஸைப் பிடித்துத் தோட்டத்துக்குப் போக முடியாதவன் மேல் மாடியில் தங்குவான். தங்குகிறவன்தானே, அவனே நிற்கட்டும் என்று ஆகிவிடும். அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தங்க இடம் கொடுத்ததே இரவெல்லாம் அவனை எழுப்பி வைக்கும் உரிமையாகி விடுகிறது.

இதில் நம் ரமழானும் சேர்ந்துகொள்கிறது. சில வருடங்களாக நோன்பு சீசனுக்குள்ளேயே வருகிறது. நாம் இஃப்தாருக்குப் போகிறோம், தராவீஹுக்குப் போகிறோம், ஸஹருக்கு எழும்ப வேண்டும் என்று நேரத்தோடு படுக்கிறோம். கடையைப் பார்ப்பது யார்? லயத்திலிருந்து வந்த பிள்ளை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கல்லாவை நம்பி விட்டுவிட்டுப் போவதும் அவனிடம்தான். அந்த நம்பிக்கைக்கு என்ன பதில் கொடுக்கிறோம்?

என் வாப்பா சின்னதாக ஒரு புடவைக்கடை வைத்திருந்தார். வேலைக்கு நான்கு பேர். இருவர் நம்மவர்கள், இருவர் தோட்டத்துப் பிள்ளைகள். கதவுக்குப் பின்னால் ஒரு கலண்டர் தொங்கும். யார் பிந்தி நிற்பது என்று ஒவ்வொரு நாளுக்கும் நேரே பேரின் முதல் எழுத்தைப் பென்சிலால் போட்டு வைப்பார். நோன்பு மாதத்தில் அந்த இருவரும் கூடுதலாகப் பிந்தி நிற்பார்கள். தீபாவளி வாரம் வந்தால் அதே எண்ணிக்கையை நானாமார் இருவரும் திருப்பி நிற்க வேண்டும். தீபாவளிக்கு முதல் நாள்தான் புடவைக்கடையில் ஆகக் கூடிய வியாபாரம். அன்றைக்கும் அந்தப் பிள்ளைகளை மத்தியானமே தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார். உம்மா புறுபுறுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வாப்பா பெரிய சட்டம் படித்தவர் இல்லை. சண்டை வரக்கூடாது என்றுதான் எழுதி வைத்தார்.

சட்டமும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. மேலதிக நேரம் வாரத்துக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் போகக்கூடாது, அதற்கு ஒன்றரை மடங்குச் சம்பளம். வாரத்துக்கு ஒன்றரை நாள் விடுமுறை. இப்போது அந்தப் பையனின் கணக்கைப் போடுங்கள். மாலை 6 முதல் காலை 6 வரை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் 11. ஆறு இரவுக்கு 66. சட்டத்தின் உச்சம் மேலதிக நேரத்தோடும் 57தான்.

அதே சட்டம், வேலைக்குச் சேரும் நாளிலேயே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது. வேலை நேரம், வாராந்த விடுமுறை, மேலதிக நேரக் கொடுப்பனவு எல்லாம் அதில் இருக்க வேண்டும். நம் டவுனில் எத்தனை பிள்ளைகளின் கையில் அப்படி ஒரு கடிதம் இருக்கிறது? ஒரு பிள்ளை கொண்டுவந்து காட்டிய கடிதத்தில் சம்பளம் ரூபாய் கணக்கில் சரியாக இருந்தது. நேரம் என்ற இடத்தில் "நிர்வாகத்தின் தேவைக்கேற்ப" என்று இருந்தது. அதற்குள் எந்த இரவையும் போட்டுவிடலாம்.

குர்ஆனில் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று மத்ரஸாப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். கடன் கொடுக்கல் வாங்கலைச் சாட்சி வைத்து எழுதிக்கொள்வது பற்றியது, சூறா பகராவின் 282ஆம் வசனம். அது பணக் கடனுக்கு வந்தது. ஒருவனுடைய இரவை வாங்குவதற்கும் பொருந்துமா என்று ஆலிம்கள் சொல்லட்டும். எனக்கு என்னமோ பொருந்தும் போலத்தான் படுகிறது.

இன்னொன்று. 2024 மே தினத்தில் கொட்டகலையில் 1,700 ரூபாய் என்று அறிவித்தபோது நம்மில் எத்தனை பேர் ஆதரவாகப் பதிவு போட்டோம்! நானும் போட்டேன். கம்பனிகள் நீதிமன்றம் போனபோது திட்டினோம். தோட்டத்தில் சம்பளத் தொகையை மட்டும் பார்த்தால் போதாது என்பதும் நமக்குத் தெரியும். 2013 கூட்டு ஒப்பந்தத்தில் நாள் சம்பளம் 620 என்றார்கள். அதில் 140 ரூபாய் வருகைக்கானது. வேலை கொடுத்த நாட்களில் 75 வீதம் வராதவருக்கு அது கிடையாது, கையில் வருவது 480. பெரட்டுக்குப் பிந்திப் போனவரைத் திருப்பி அனுப்புவதா, கொழுந்து குறைந்தால் அரைப் பேர் போடுவதா என்பதெல்லாம் மலையில் நிற்கும் கங்காணி, கணக்கப்பிள்ளை கையில். 2021இல் சம்பளச் சபை மூலம் 1,000 ரூபாய் வந்தது. உடனே கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்தை விட்டு வெளியேறின. தொகை கூடியது, ஒரு பேருக்கு எத்தனை கிலோ என்று உட்கார்ந்து பேசிய மேசை போய்விட்டது. அப்புறம் கிலோவைக் கூட்டிவிட்டார்கள் என்று அம்மாமார் பெற்றார் கூட்டத்தில் வந்து என்னிடம் சொன்னார்கள்.

அந்த அம்மாவின் மகன்தான் நம் கடை மாடியில் இருக்கிறான். துரையைத் திட்டிவிட்டு நாமே இன்னொரு பெரட்டுக்களம் நடத்தக் கூடாது இல்லையா.

கடைக்காரர்களின் பதிலும் எனக்குத் தெரியும், வீட்டிலேயே கேட்டு வளர்ந்தவள். "இவங்க தீபாவளிக்குப் போனா திரும்பி வாறதே இல்ல டீச்சர், பிறகு என்ன பட்டியல்?" உண்மைதான், பலர் வருவதில்லை. லீவு கேட்டால் கிடைக்காது என்று தெரிந்தவன் கேட்காமலே போகிறான். எந்த நாள் தன்னுடையது என்று முன்கூட்டியே தெரிந்தால் பாதிப் பேராவது சொல்லிவிட்டுப் போய்த் திரும்பி வருவார்கள் என்று நினைக்கிறேன். "மூன்று பேர் இருக்கிற கடையில் என்ன ரோஸ்டர்?" என்றும் கேட்பார்கள். மூன்று பேர் இருக்கும் கடையில்தான் அது இன்னும் தேவை. ஒருவனுக்குக் கூடினால் உடனே தெரியும். எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரே ஆசிரியருக்கு ஒரு கிழமையில் மூன்று ரிலீஃப் பாடம் போட்டுப் பாருங்கள், என்ன நடக்கும் என்று. நாற்பது நிமிடப் பாடத்துக்கே நாங்கள் அப்படி.

சில பிள்ளைகள் தாங்களாகவே இரவைக் கேட்கிறார்கள். பகலில் ஏ.எல். வகுப்புக்கோ கம்பியூட்டர் கோர்ஸுக்கோ போகலாம் என்று. கொடுங்கள். எல்லாருக்கும் சமமாக வெட்டிக் கொடுப்பது மட்டுமே நியாயம் என்று நான் சொல்லவில்லை. கேட்டவனுக்கு, இனி முடியாது என்று சொல்லிப் பகலுக்கு மாறும் வழியும் எழுத்தில் இருக்கட்டும். கேட்காதவனுக்கு ஒரு கிழமை இரவென்றால் மறு கிழமை பகல் இருக்கட்டும். முதலாளியின் மகனும் தம்பியும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும். நோன்பில் அவர்கள் நமக்காக நின்ற இரவுகளை எண்ணி வைத்துப் பொங்கலுக்கோ தீபாவளிக்கோ கோயில் திருவிழாவுக்கோ திருப்பிக் கொடுப்போம். பட்டியல் ஒரு கிழமைக்கு முன்னாலாவது சுவரில் இருந்தால் ஊருக்குப் போன் பண்ணி "ஞாயிறு வாறேம்மா" என்று அவன் சொல்லலாம்.

அந்தப் பையனின் கடைக்குப் போய்ப் பேசலாம் என்று நினைத்தேன். "வேணாம் டீச்சர், நான்தான் சொன்னேன்னு நினைப்பாங்க" என்று கெஞ்சினான். அதனால்தான் கடையின் பேர் இல்லாமல், எல்லாக் கடைக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். தன்னுடையது என்று யாருக்காவது தோன்றினால் அவனைத் தேட வேண்டாம், கலண்டரைத் தேடுங்கள்.

வேலை நேரம், முறை மாற்றம், பெருநாள் விடுமுறை எல்லாம் வரும்படி ஒரு பக்க மாதிரிக் கடிதம் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். சிங்களத்தில் வேண்டுமென்றால் எங்கள் பாடசாலை சிங்கள டீச்சர் மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேண்டியவர்கள் இன்பொக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். டிசம்பர் போயாவுக்கு முன்னால் கேட்டால் நல்லது.