மூக்கை நம்பும் மூடநம்பிக்கை

மலக்குழியிலும் பாதாளச் சாக்கடையிலும் இறங்கி வேலை பார்ப்பவர்களைப் பற்றித் தமிழ்நாட்டில் ஆழ வேரூன்றிய ஒரு நம்பிக்கை உண்டு. பல ஆண்டுகள் அந்த வேலையில் பழகியவருக்கு உள்ளே விஷவாயு இருக்கிறதா என்பது வாடையிலேயே தெரிந்துவிடும் என்பதும், அப்படியும் ஒருவர் இறந்தால் அதற்கு அவருடைய அசட்டையோ குடிப்பழக்கமோதான் காரணம் என்பதும் அதன் இரு பக்கங்கள். வீட்டு உரிமையாளர், ஒப்பந்ததாரர், மேற்பார்வையாளர் ஆகிய மூவரையும் பொறுப்பிலிருந்து விடுவிக்கும் இந்த நம்பிக்கை, அறிவியலுக்கும் சட்டத்துக்கும் நேர்மாறானது.

கழிவு காற்றின்றி அழுகும்போது உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்னும் வாயு அழுகிய முட்டையைப் போல நாறும். காற்றின் பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு இருந்தாலே மூக்கு அதை உணர்ந்துகொள்கிறது. ஆனால் அது 100 பங்கை எட்டும்போது மோப்ப உணர்வு சில நிமிடங்களில் மரத்துப்போவதால், வாயு அப்படியே இருக்க, நாற்றம் மட்டும் மறைந்துவிடுகிறது. உயிருக்கு உடனடி ஆபத்து விளைவிக்கும் அளவு என்று அமெரிக்கத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வரையறுத்திருப்பதும் இதே 100 பங்கைத்தான். 1000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுகிறார். ஆகவே, "நாற்றம் அடங்கிவிட்டது, இனி இறங்கலாம்" என்று அனுபவசாலி கணிக்கும் தருணமே மிகக் கொடிய தருணமாகவும் இருக்கக்கூடும்.

மற்ற ஆபத்துகளுக்கு அந்த அளவு எச்சரிக்கைகூடக் கிடையாது. மீத்தேனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மணமில்லை. காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு இருக்க வேண்டிய ஆக்சிஜன் 6 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால், மூச்சுத் திணறலை உணர்வதற்கு முன்பே நினைவு தப்பிவிடும். விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்க்கும் பழைய முறையும் உதவாது. ஆளைக் கொல்லும் அளவு ஹைட்ரஜன் சல்ஃபைடு இருந்தாலும் சுடர் அணையாமல் எரியும். மீத்தேன் 5 முதல் 15 விழுக்காடு வரை கலந்திருந்தாலோ அந்தச் சுடரே தொட்டியை வெடிக்கச் செய்துவிடும். தொட்டியின் வாயில் ஒருமுறை வாயு அளவியை நீட்டிப் பார்த்துவிட்டு இறங்குவதும் போதாது. ஏனெனில், மேலே இறுகிய கசட்டைக் கோலால் கிளறியதும் அதனுள் சிறைப்பட்டிருந்த வாயு ஒரே வீச்சில் வெளியேறுகிறது. அதனால்தான் மேல், நடு, அடி என மூன்று மட்டங்களிலும் அளந்து, வேலை முடியும் வரை விடாமல் அளந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதியாயிற்று. முகத்தில் கட்டும் துணி எந்த வாயுவையும் தடுக்காது. வடிகட்டி பொருத்திய முகமூடியும் இல்லாத ஆக்சிஜனை உண்டாக்காது.

விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பதும், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவதும் இந்த நம்பிக்கையின் நீட்சியே. அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்கள் என்று மேற்சொன்ன அமெரிக்க நிறுவனம் 1986-இல் எச்சரித்தது. ஆகவே, தொழிலாளிக்கான பயிற்சியின் முதல் பாடம் எப்படி இறங்குவது என்பதன்று, எப்போது இறங்க மறுப்பது என்பதே. இரண்டாம் பாடம், உள்ளே போகாமலேயே மேலிருந்து மீட்பது. இறங்குபவரின் உடலில் பிணைத்த கயிறு வெளியே முக்காலியில் மாட்டிய கப்பியோடு இணைந்திருக்க வேண்டும். வெளியே நின்று கண்காணிப்பவர் எது நேர்ந்தாலும் உள்ளே குதிக்கக் கூடாது.

இவை புதிய கோரிக்கைகளும் அல்ல. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 36-ஆவது பிரிவு, வாயு அபாயமுள்ள தொட்டிக்குள் நுழைவதற்கு, தகுதியுள்ள ஒருவர் சோதித்துத் தரும் எழுத்துச் சான்றையோ, சுவாசக் கருவியையும் மறுமுனையை வெளியாள் பிடித்திருக்கும் கயிற்றையுமோ நிபந்தனையாக்கியது. கழிவுநீர்த் தொட்டிகளில் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. சாக்கடை மரணத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023-இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இவ்வளவும் இருந்தும் சாவுகள் தொடர்கின்றன என்றால், தொழிலாளிக்கு அறிவு போதவில்லை என்று சொல்லிவிட முடியாது. வாயு அளவி, சுவாசக் கருவி, மறுத்தால் கூலி போகாது என்ற உறுதி ஆகியவற்றைத் தராமல், வகுப்பெடுத்துக் கையொப்பம் மட்டும் வாங்கிக்கொள்ளும் பயிற்சி, பழியை முன்கூட்டியே தொழிலாளியின் தலையில் எழுதிவைக்கும் ஏற்பாடாகவே முடியும்.

"பழகியவர்கள்" என்ற சொல் இங்கே திறமையைக் குறிப்பதாகத் தோன்றினாலும், தலைமுறை தலைமுறையாக ஒடுக்கப்பட்ட சாதியினரை மட்டுமே குழிக்குள் இறக்கிவந்த வழக்கத்தையே அது நியாயப்படுத்துகிறது. நாற்றத்தைத் தாங்க முடியாமல் குடித்தவரின் குடியைச் சாவுக்குக் காரணமாக்குவதும் அதே மனப்பான்மைதான். குடிக்காதவரையும் விஷவாயு கொல்லத்தான் செய்யும்.

கழிவை உறிஞ்சி எடுக்கும் லாரிகள் வந்துவிட்ட காலத்தில், வீட்டுத் தொட்டிக்குள் ஆளை இறக்குவதற்கு எந்த நியாயமும் இல்லை. இயந்திரத்தால் முடியாத அரிதான வேலைகளுக்கு, அளக்கும் கருவியும் மீட்கும் ஏற்பாடும் வந்துசேரும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. இதை மீறி ஓர் ஆளை உள்ளே அனுப்புபவர், அந்த ஆளின் அனுபவத்தின் மீது நம்பிக்கை வைத்தவர் அல்லர். அவருடைய உயிரைப் பணயம் வைத்தவர்.