பலவருண அங்கியும் எகிப்தியன் கோவணமும்

கம்பம் பக்கத்துத் தோழர் ஒருவர், கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர், ஆனாலும் நமது கூட்டங்களுக்குத் தவறாமல் வருகிறவர், சென்ற வாரம் நம்மை ஒரு கேள்வி கேட்டார். "இராமாயண நாடகத்தைக் கண்டிக்கிறீர்கள், கந்தபுராண நாடகத்தைக் கண்டிக்கிறீர்கள், சரி. என் பிள்ளைகள் கைப்பேசியில் பார்த்துச் சிரித்துப் பாடுகிற யோசேப்பு நாடகத்தில் என்னய்யா குற்றம்? அதில் பார்ப்பான் இல்லை, யாகம் இல்லை, அரக்கனைக் கொல்லுவது இல்லை. குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கிற சங்கதிதானே?" என்றார்.

கேள்வி நியாயமானதே. ஒரு மதத்தின் புரட்டைப் பேசிவிட்டு இன்னொரு மதத்தின் புரட்டுக்குப் பாய்விரிப்பது பகுத்தறிவு ஆகாது. ஆகவே தோழருக்குச் சொன்னதையே வாசகர்களுக்கும் சொல்லுகின்றோம்.

மேற்படி நாடகத்தின் பெயர் "ஜோசப் அண்ட் தி அமேசிங் டெக்னிகலர் டிரீம்கோட்" என்பதாகும். பாட்டு எழுதியவர் டிம் ரைஸ். இசை அமைத்தவர் ஆண்ட்ரூ லாயிட் வெப்பர். 1968-ஆம் வருஷம் மார்ச்சு மாதம் 1-ஆம் தேதி இலண்டனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கால்மணி நேரப் பாட்டாகத் தொடங்கியது, வளர்ந்து 1973-இல் இலண்டன் கொட்டகைகளுக்கும், 1982-இல் நியூயார்க்குக்கும் போய், 1999-இல் படமாகவும் வந்துவிட்டது. எத்தனையோ நாடுகளில் பள்ளிப் பிள்ளைகள் இதை நடிக்கிறார்கள். பார்வோன் மன்னன் எல்விஸ் பிரஸ்லி என்ற அமெரிக்கப் பாடகனைப்போல் இடுப்பை ஆட்டிப் பாடுவான். பாட்டு நன்றாகவே இருக்கிறது. பாட்டு நன்றாய் இருப்பதுதான் நமது பயத்துக்கும் காரணம்.

கதை, ஆதியாகமம் 37-ஆம் அதிகாரம் முதல் சொல்லப்படுகிறது. யாக்கோபுக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். அவர்களில் யோசேப்பு என்ற ஒருவனுக்கு மாத்திரம் தகப்பன் பலவருண அங்கி தைத்துக் கொடுக்கிறான். (வருணம் என்ற சொல் எந்த மதத்துப் புத்தகத்தில் வந்தாலும் ஒருவனுக்குப் பட்டும் மற்றவனுக்குப் பட்டினியும்தான் போலும்!) அண்ணன்மார் பொறாமைப்பட்டு அவனைக் குழியில் தள்ளி, 20 வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறார்கள். எகிப்தில் அடிமையாகிறான். எஜமானன் மனைவி வீண்பழி சுமத்துகிறாள். அவளுக்கு ஒரு பெயர்கூட வைக்க வேதக்காரருக்கு மனம் வரவில்லை. பிறகு சிறை. பிறகு பார்வோனின் கனவுக்கு அர்த்தம் சொல்லி, ஏழு வருஷம் விளையும், ஏழு வருஷம் பஞ்சம் வரும் என்று கூறி, மந்திரியாகிறான். பஞ்சத்தில் அண்ணன்மார் தானியம் கேட்டு வருகிறார்கள். மன்னிப்பு, கண்ணீர், கட்டியணைப்பு, பாட்டு, திரை. இதே யோசேப்பை யூசுஃப் என்ற பெயரில் குர்ஆனின் 12-ஆம் அத்தியாயமும் சொல்லுவதால் நமது முஸ்லிம் தோழர்களுக்கும் கதை தெரிந்ததே.

திரை எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். வேதப் புத்தகத்தில் கதை அங்கே முடியவில்லை. 47-ஆம் அதிகாரம் என்று ஒன்று இருக்கிறது. நாடகக்காரர் அதைத் தொடவே இல்லை. பாதிரியாரும் பிரசங்கத்தில் அதை அதிகம் எடுப்பதில்லை. நாம் எடுக்கின்றோம்.

விளைந்த ஏழு வருஷமும் குடிகளின் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கை வாங்கிக் களஞ்சியத்தில் அடைத்தான் யோசேப்பு. சேமித்தது புத்திசாலித்தனம், அதற்கு ஆட்சேபணை இல்லை. பஞ்சம் வந்ததும் என்ன செய்தான்? குடிகளிடம் வாங்கிய தானியத்தைக் குடிகளுக்கே விற்றான்! முதலில் அவர்கள் கையிலிருந்த பணம் முழுவதும் போயிற்று. அடுத்து ஆடு, மாடு, குதிரை, கழுதை எல்லாம் போயிற்று. அதற்கடுத்த வருஷம், "எங்கள் நிலமும் உடம்பும் தவிர வேறொன்றுமில்லை" என்று வந்து நின்றார்கள். யோசேப்பு அந்த நிலத்தையும் எழுதிக்கொண்டான், உடம்பையும் எழுதிக்கொண்டான். எகிப்து நாடு பார்வோனுக்குச் சொந்தம், எகிப்தியன் பார்வோனுக்கு அடிமை. இனிமேல் விளைவதில் ஐந்தில் ஒன்று என்றென்றைக்கும் வாரம். இவ்வளவுக்கும் அந்த ஜனங்கள் "எங்கள் உயிரைக் காப்பாற்றினீர்" என்று நன்றி வேறு சொன்னார்களாம்!

தோழர்களே! ஒருவனை 20 வெள்ளிக்காசுக்கு விற்ற அண்ணன்மார் பாவிகள். ஒரு நாட்டையே மூட்டைத் தானியத்துக்கு வாங்கிய தம்பி தேவனுக்குப் பிரியமானவன். இது என்ன தராசு? நமது பள்ளத்தாக்கில் ஒரு பண்ணையார் பஞ்ச காலத்தில் இரண்டு மூட்டை நெல் கொடுத்துவிட்டுப் பத்திரத்தில் கைநாட்டு வாங்கிக் குடியானவன் நஞ்சையைச் சுருட்டினால் அவனை நாம் என்ன பெயரிட்டு அழைப்போம்? அவனைத் தடுக்கத்தானே 2003-இல் கந்துவட்டித் தடைச்சட்டம் செய்யப்பட்டது? ஆனால் அதையே பெரிய அளவில் செய்தவனுக்கு வண்ணச் சட்டை மாட்டிக் குழந்தைகளைக் கைதட்டச் சொல்லுகிறார்கள்.

இதைவிடப் பெரிய வேடிக்கை இன்னொன்று. அத்தனை பேர் நிலமும் போயிற்றே, ஒரு கூட்டத்தாரின் நிலம் மாத்திரம் போகவில்லை. அவர்கள் யார்? ஆசாரியர், அதாவது கோயில் புரோகிதர்! அவர்களுக்குப் பஞ்சத்திலும் அரண்மனையிலிருந்து படி அளக்கப்பட்டது, நிலமும் தப்பியது, ஐந்தில் ஒன்று வாரமும் இல்லை. சட்டம் செய்த யோசேப்பு யார் வீட்டு மருமகன் என்று 41-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். ஓன் நகரத்து ஆசாரியன் மகள் ஆஸ்நாத்தைக் கட்டியவன்! மாமனார் நிலம் தப்பியதில் ஆச்சரியம் என்ன? பார்ப்பான் இல்லாத கதை என்றாரே நமது தோழர், பூணூல் இல்லையே தவிர ஆள் இருக்கிறான். நமது நாட்டில் பிரமதேயம், தேவதானம், இறையிலி என்று பட்டயம் போட்டு அனுபவித்ததற்கும் இதற்கும் பெயர்தானே வேறு? இங்கே ஜமீனுக்கு 1948-இலும், இனாமுக்கு 1963-இலும் சட்டம் போட்டு ஒழிக்க வேண்டியிருந்தது.

"இதெல்லாம் நடந்த சரித்திரம்" என்பார்கள். இப்படி ஒரு மந்திரி இருந்ததாக எகிப்தின் கல்வெட்டு எதுவும் சொல்லவில்லை. ஆனால் நைல் நதியில் செகேல் என்ற தீவில், 1889-இல் கண்டெடுத்த கல்வெட்டு ஒன்று உண்டு. அதிலும் ஏழு வருஷப் பஞ்சம். அதிலும் அரசனுக்குக் கனவு. கனவில் வந்தது க்னூம் என்ற சாமி. எழுந்ததும் அரசன் அச்சாமியின் கோயிலுக்கு நிலமும் வரிப்பங்கும் எழுதி வைக்கிறான். அந்த அரசன் காலத்துக்கு இரண்டாயிரம் வருஷத்துக்குப் பின் அக்கோயில் புரோகிதர்களே வெட்டி வைத்த கல் அது என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுகிறார்கள். கனவு யாருடையதாயிருந்தாலும் பலன் யாருக்குப் போகிறது என்று பார்த்தால் போதும், கனவின் அர்த்தம் விளங்கிவிடும்.

நிற்க, பஞ்சம் என்பது நமக்குக் கதையல்ல. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கான மக்கள் பட்டினியில் மாண்டபோது, தானியம் கப்பலேறிச் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தது. அப்போது எந்தச் சாமியும் எவர் கனவிலும் வந்து எச்சரிக்கவில்லை. கம்பம் பள்ளத்தாக்குக்கு விடிவு எப்படி வந்தது? மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். 1886-இல் திருவிதாங்கூரோடு ஒப்பந்தம். 1887-இல் வேலை ஆரம்பம். 1895-இல் அணை திறப்பு. கணக்குப் போட்டவர் பென்னிகுயிக் என்ற இஞ்சினீயர். சுமந்தவர்கள் மலைக்காய்ச்சலிலும் வெள்ளத்திலும் செத்து மடிந்த கூலிகள். இன்று பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறதென்றால் அது கனவின் பலனல்ல. கணக்கின் பலன், சுண்ணாம்பின் பலன், கூலிக்காரன் முதுகெலும்பின் பலன்.

பென்னிகுயிக்கையும் நம்மவர்கள் சிலர் சும்மா விடவில்லை. படத்துக்குச் சூடம் கொளுத்துகிறார்கள். நன்றி பாராட்டுவது மனிதத்தன்மை. பிள்ளைக்கு அவர் பெயர் வையுங்கள், பொங்கலன்று நினைத்துப் பாருங்கள். ஆனால் மனிதன் செய்த காரியத்தைச் சாமி கணக்கில் எழுதினால் அடுத்த அணையைக் கட்ட மனிதன் வரமாட்டான், பூசாரிதான் வருவான்.

நாம் நாடகத்துக்கு விரோதிகள் அல்ல. பாரதிதாசனின் "இரணியன்" 1934-இல் பெரியார் தலைமையில் மேடை ஏறியது. எம். ஆர். ராதாவின் நாடகத்துக்கு அஞ்சி 1954-இல் சர்க்கார் சட்டமே செய்தது. நமது பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் ஒரு ஆர்மோனியப் பெட்டியை வைத்துக்கொண்டு ஏழைகளின் நியாயத்தை ஊரூராய்ப் பாடினார். பாட்டுக்கு அவ்வளவு பலம் உண்டு என்பதாலேயே அது எதைப் பாடுகிறது, எதை விழுங்குகிறது என்று கேட்கின்றோம்.

நமது தோழருக்குச் சொன்னது இவ்வளவுதான்: பிள்ளைகள் பார்க்கட்டும், பாடட்டும். திரை விழுந்தவுடன் அலமாரியிலுள்ள அதே வேதப் புத்தகத்தை எடுத்து 47-ஆம் அதிகாரத்தை அவர்களையே உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். தானியம் யாருடையது? நிலம் யாருக்குப் போயிற்று? யாருடைய நிலம் மட்டும் தப்பியது? பதிலைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். சொல்லத் தெரிந்த பிள்ளையைக் கர்த்தர் பெயராலும் ஏமாற்ற முடியாது, கந்தன் பெயராலும் ஏமாற்ற முடியாது.